நான் வெளுத்த முகம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மேசையில் இருக்கும் ஸ்கேனரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். உங்கள் பிரஸ் வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நெகட்டிவ்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து கொடுக்கலாம் என்று யோசனை இருப்பதாகச் சொன்னீர்கள். எந்த மாடல் வாங்கலாம், எத்தனை டிபிஐ வைக்கலாம் என்று கேட்டீர்கள். அதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது, இல்லையென்றால் செல்போனில் தேடினால் கிடைக்கும். உங்களிடம் நான் சொல்ல நினைத்தது வேறு. அன்று வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சிவகாசியில் ஒரே அச்சகத்தின் ஸ்கேனிங் செக்ஷனில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர், டைரி என்று என் கையைத் தாண்டிப் போகாத சரக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் இந்தச் சின்ன ஸ்கேனரை வாங்கினேன். மூடியிலேயே விளக்கு இருக்கும். பிலிமைச் சட்டத்தில் மாட்டிக் கண்ணாடி மேல் வைத்தால் போதும். கல்யாணம், காதுகுத்து, இருக்கன்குடி கோயிலில் முடியெடுத்த படம் என்று ஆட்கள் கொண்டு வருவார்கள். நிம்மதியான வேலை. பிளேட் எங்கே, மெஷின் காத்துக் கிடக்குது என்று தலைக்கு மேல் யாரும் நிற்பதில்லை.

ஒரே கஷ்டம், பிலிமை மாட்டும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். தூசி பறந்து பிலிமில் உட்கார்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் விசிறி இல்லாமல் உட்கார வைத்தால் வந்தவர்களுக்குக் கோபம் வரும். "போட்டோ பிடிக்க வந்தோமா, வேத்து விறுவிறுக்க வந்தோமா" என்று ஒருவர் கேட்டே விட்டார். ஆரம்பத்தில் அந்தக் கோபத்துக்குப் பயந்து விசிறியை ஓடவிட்டேன். உட்கார்ந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தேன். ஒரு மணப்பெண்ணின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கீறல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து துணி கிடையாது, காற்று பம்பு மட்டும்தான். வந்தவர்களுக்கு என் மனைவி மோர் கொடுத்துச் சமாளித்துவிடுவாள்.

இனி மாரிக்கனி என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெண் ஒருவர் வாசலில் நின்றார். நல்ல கறுப்பு, நல்ல உயரம். பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு மகள்.

"அண்ணாச்சி, பழைய பிலிம் கழுவிக் கொடுக்குறவுக நீங்கதானா?"

"கழுவுறது இல்ல தாயி, ஸ்கேன் பண்ணிக் கொடுக்கேன். உள்ள வாங்க."

விஸ்வநத்தத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் மாரிக்கனி. பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் கார்த்திகா விருதுநகரில் கல்லூரியில் இரண்டாம் வருடம். எண்ணெய்த்தாளில் மடித்து வைத்திருந்த ஒரு நெகட்டிவ் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவை மூடுகிறார்களாம். தேடிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய பிலிம்களைப் பெட்டி பெட்டியாக வெளியே வைத்தார்களாம். மாரிக்கனி இரண்டு நாள் வேலை முடிந்து போய், ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இதைக் கண்டெடுத்திருக்கிறார்.

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நான்தான் இருக்கேன் அண்ணாச்சி. ஆறு வயசுல எடுத்தது. அத நிரூபிக்கத்தான் வந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் பழைய கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்று, தட்டையாக மடித்து வைத்திருந்தது. லேபிளில் சிவப்புக் கவுன் போட்ட ஒரு சிறுமி, எரிகிற மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"இந்தப் பிள்ள நான்தான். இந்தா நிக்காளே, பெத்த மக, இவளே நம்ப மாட்டேங்கா. வேலைக்குப் போற கம்பெனி வேன்ல ஒரு சனமும் நம்பல. 'பெட்டி ராணி வந்துட்டா, எடத்த விடுங்க'ன்னு தெனமும் கேலிதான்."

கார்த்திகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் கூடப் படிக்கிறவளுக வீட்டுக்கு வந்தப்பவும் இந்தப் பெட்டிய எடுத்துக் காட்டுறாக சார். அவளுக அம்மாவப் பாக்காளுக, பெட்டியப் பாக்காளுக, ஒருத்திய ஒருத்தி பாத்துச் சிரிக்காளுக. எனக்குத்தான் அசிங்கமா இருக்கு."

ஏன் சிரித்தார்கள் என்று அந்தப் பெட்டியைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். அந்தச் சிறுமி ரோஜா நிறத்தில் இருந்தாள். மெழுகு பொம்மை மாதிரி. மாரிக்கனியின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்த லேபிளை ஸ்கேன் செய்தவன் நான்.

அப்போது நான் வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தீபாவளிக்கு முந்தைய சீசன். ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் போட்ட படம் ஒன்று வந்தது. அதை ஸ்கேனர் டிரம்மில் மாட்டி ஸ்கேன் செய்து, சரிபார்க்க முதல் புரூஃப் எடுத்தேன். முன்பல் ஒன்று விழுந்த, கறுப்பாக எண்ணெய் மின்னுகிற முகம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தவர் புரூஃபைக் கையில் வாங்கினார்.

"பிள்ள நல்லாத்தான் சிரிக்குது. நிறந்தான் ஆகாது. வடக்க போற சரக்கு. முகம் பளிச்சுனு இருக்கணும்" என்றார்.

என் ஃபோர்மேன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கீழே மெஷின் வேறு லேபிளை முடித்துவிட்டு இதற்காகக் காத்திருந்தது. "அரை மணி நேரத்துல முடியுமாலே?" என்று கேட்டார்.

முடியும் என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு வழி இருந்தது. மத்தாப்பு வெளிச்சத்தை முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டு, பின்னால் இருந்த திரைச்சீலையை இன்னும் இருட்டாக்கியிருந்தால், அந்தக் கறுப்பு முகம் அப்படி ஜொலித்திருக்கும். ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் தோன்றியிருக்கும். பின்னால் ஆள் நிற்கும்போது அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை எனக்கு. முகத்தில் இருந்த சயான் என்கிற நீல மையையும் கறுப்பையும் இறக்கினேன். இறக்க இறக்க அவள் வெளுத்துக்கொண்டே போனாள். அதோடு நிற்கவில்லை. "கன்னத்துல ஒரு பொட்டு இருக்கு, அதையும் எடுத்திரலாமா?" என்று நானே கேட்டேன்.

லேபிள் பிரமாதமாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். முகம் என்றால் இவன் கையில் கொடுங்கள் என்று செக்ஷனில் பேரே ஆகிவிட்டது. அந்தப் பேரை வைத்துத்தான் நான் மேலே வந்தேன். அதற்குப் பிறகு எத்தனை முகங்களை அப்படி வெளுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

"என்ன அண்ணாச்சி அப்பிடிப் பாக்கீக?" என்று மாரிக்கனி கேட்டார்.

"ஒண்ணுமில்ல தாயி. அச்சு நல்லா இருக்கு" என்று சொன்னேன். அன்று முடியும் என்று சொன்ன அதே வாயால் அதைச் சொன்னேன்.

விசிறியை அணைத்து, பிலிமில் காற்றடித்து, சட்டத்தில் மாட்டி மூடியை மூடினேன். மெஷின் ஓடுகிற நேரத்தில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாராம். ஒட்டிய பெட்டியை எடுக்க வந்த ஆள், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இவரைப் பார்த்துவிட்டு, அம்மாவையும் சேர்த்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாராம்.

"சிவப்புக் கவுனு போட்டு விட்டாக. எனக்குத்தான்னு நெனச்சேன். படம் பிடிச்ச கையோட கழட்டி வாங்கிட்டாக. அம்புட்டு அழுக. அழுகைய நிறுத்த ஒரு பெட்டி மத்தாப்பு கொடுத்தாக."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சின்னதுல நான் எம்புட்டு நிறமா இருந்திருக்கேன் பாருங்க. பதினஞ்சு வயசுல பட்டாசு மருந்து கலக்குற ரூமுக்கு வேலைக்குப் போனேன். வெயிலும் மருந்துமாச் சேந்து என்னிய இப்படி ஆக்கிருச்சு. இல்லேன்னா நானும் அந்த நிறத்துலதான் இருந்திருப்பேன்" என்றார்.

ஒரு லேபிளைக் கெடுத்தேன் என்பது வேறு. இத்தனை வருடமாக ஒரு பெண், இல்லாத ஒன்றைத் தொலைத்துவிட்டதாக நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

திரையில் படம் வந்தது. நான் மெஷினை ஆட்டோ மோடில் விட்டிருந்தேன். ஆட்டோ என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். படத்தில் பாதிக்கு மேல் கறுநீலத் திரைச்சீலை. படம் இருட்டாக இருக்கிறது என்று மெஷினே முடிவுகட்டி, எல்லாவற்றையும் தூக்கி விட்டுவிட்டது. சிறுமியின் முகம் வெளுத்து, ரோஜா நிறத்தில் வந்து நின்றது. நான் அன்று செய்ததையே மெஷின் இன்று தானாகச் செய்திருந்தது.

"பாத்தியா! பெட்டில இருக்குற அதே பிள்ள! நான் சொன்னேன்லா!" மாரிக்கனி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கார்த்திகா திரையைப் பார்த்தாள். "பெட்டில இருக்குற பிள்ளதாம்மா. அது நீங்கதான்னு எங்கன இருக்கு?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த முகத்தில் அவளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் நான் நினைத்தது இதுதான்: இதை இப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம். பெட்டியும் படமும் ஒத்துப்போகின்றன. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். எனக்கும் வாயைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. சேமிக்கிற பொத்தான் மேல் என் விரல் இருந்தது.

அப்போது மோர் கொண்டு வந்த என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். "தலையில வச்சிருக்குறது என்ன பூ?" என்று கேட்டாள்.

"கனகாம்பரம் மதினி. எங்கம்மா வச்சு விட்டது" என்றார் மாரிக்கனி.

"கனகாம்பரம் எங்கனயாவது இந்த நிறத்துல பூக்குமா? வெளிறிப்போன ரோஸா இருக்கு?"

அவளுக்கு என் கதை தெரியாது. பூவின் நிறம் மட்டும்தான் தெரியும். இதைத்தான் நான் செக்ஷனில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: கலர் நெகட்டிவுக்குத் தானாக ஒரு நிறம் கிடையாது, அதில் உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேடு, அதை வைத்து மற்றதைப் பிடி. எனக்கு எதிரில் நிச்சயமாகத் தெரிந்த பூ இருந்தது. அதைவிட, அந்த நிறத்துக்குச் சொந்தக்காரரே உட்கார்ந்திருந்தார்.

விரலை எடுத்தேன். "கொஞ்சம் இருங்க. இது மெஷின் சொல்லுற நிறம். இது சரியில்ல" என்றேன்.

ஆட்டோவை நிறுத்தினேன். கவுனின் வெள்ளை விளிம்பை வெள்ளையாகவும், திரைச்சீலையின் மடிப்பைக் கறுப்பாகவும் பிடித்தேன். பிறகு பூவை மட்டும் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கனகாம்பரம் மெல்ல மெல்ல ஆரஞ்சுக்கு வந்தது. முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் மறுபடியும் கை தப்பு செய்யும் என்று பயம்.

பூ சரியானதும் நிமிர்ந்து பார்த்தேன்.

அன்று புரூஃபில் பார்த்த அதே முகம். கறுப்பாக, எண்ணெய் மின்ன, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

முதலில் பேசியது கார்த்திகாதான். "அம்மா" என்றாள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "இது என் முகம்மா. நான் மூணாப்பு படிக்கையில எடுத்த படத்துல இப்பிடியேதான் இருப்பேன். மூக்கப் பாருங்க. ஐயோ, இது நீங்கதாம்மா!"

மாரிக்கனி தன் கையைத் தூக்கித் திரையோரம், அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப பெட்டில எப்பிடி அண்ணாச்சி?"

இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை. "நான்தான் தாயி மாத்துனேன். அந்த லேபிள் என் கையில ஓடுனது. கம்பெனிக்காரவுக பளிச்சுனு வேணும்னு கேட்டாக. உங்க நிறத்த நான்தான் எடுத்தேன். கன்னத்துப் பொட்டையும் எடுத்தேன்."

என் மனைவி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அவுக கேட்டாக. நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னு சொன்னேன்."

"எங்கிட்ட வேணாம், ஆறு வயசுப் பிள்ள. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அதையே சொன்னேன்.

விசிறி இல்லாத அறையில் எனக்கு வேர்த்து ஒழுகியது. அவர் எழுந்து போய்விடுவார், அந்தப் பெட்டியைக் கிழித்து என் மேசையில் போட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். போனாலும் அது நியாயம்தான்.

"பொறந்ததுல இருந்தே நீ இந்த நிறந்தான்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். பொய் சொல்லுதுன்னு சண்ட போடுவேன். பெட்டியக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப மருந்து என்னிய ஒண்ணும் பண்ணலையா அண்ணாச்சி?"

"நிறத்த ஒண்ணும் பண்ணல தாயி."

"எனக்கு எதுவும் போயிரலையா?"

"இல்ல."

அவர் முகம் மெல்ல விரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கேட்டியா கார்த்தி? எதுவும் போயிரலையாம். வருசக்கணக்கா கடல மாவத் தேச்சுத் தேச்சு வீணாக்கியிருக்கேன். பஜ்ஜியாவது சுட்டுத் தின்னிருக்கலாம்." கார்த்திகாவும் சிரித்தாள். என் மனைவியும் சிரித்துவிட்டாள். நான் எழுந்து விசிறியைப் போட்டேன்.

போகும்போது, அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தர மறுத்துவிட்டார். "இருக்கட்டும். அதுவும் நான்தான்" என்றார். பிலிம் துண்டில் இருந்த நாலு படத்தையும் பிரிண்ட் போடச் சொன்னார். மூன்றாவது படத்தில் அவருடைய அம்மா, ஸ்டூடியோ மூலையில் நின்று மகளின் பூவைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அந்தத் துண்டில் அப்படி ஒரு படம் இருப்பதே மாரிக்கனிக்குத் தெரியாது. அதை மட்டும் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன எடுத்துச் சொல்வது? படத்தில் இருக்கிறவரோ, அவரைத் தெரிந்தவரோ உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். என்ன நிறச் சேலை, என்ன பூ, எந்த மாதம் என்று கேளுங்கள். ஆட்டோ ஒரு யோசனைதான் சொல்கிறது, தீர்ப்பு சொல்வதில்லை. நாளைக்கு ஒருவர் வந்து, என் முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று அவரே கேட்பார். செய்து கொடுங்கள், அது அவர் முகம். ஆனால் திருத்தாத படத்தையும் ஒன்று சேமித்து, இரண்டையும் கையில் கொடுங்கள். பின்னால் ஆள் நின்று அவசரப்படுத்தினால், ஒரு நிமிடம் என்று கேளுங்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நான்தான் கேட்கவில்லை.

பிரிண்ட் வாங்கிப் போன இரண்டு வாரம் கழித்து மாரிக்கனி போன் செய்தார். பின்னால் வேன் சத்தம், பெண்கள் பேசுகிற சத்தம்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? படத்த வேன்ல எல்லாத்துக்கும் காட்டுனேன். நம்பிட்டாக. இன்னொரு விசயம். அப்ப பெட்டில மட்டும் ஏன் வெள்ளையா இருக்கன்னு ஒருத்தி கேட்டா. பெட்டி மழையில நனைஞ்சு வெளுத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். உங்க பேர நான் சொல்லல."

"சொன்னா என்ன தாயி? நான் செஞ்சதுதான?"

"வேணாம் அண்ணாச்சி. மோரெல்லாம் குடுத்தீக" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எனக்காக அவர் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். வேனில் வரும் அந்தப் பெண்கள் அதை நம்பிவிட்டுப் போகட்டும். இந்த வேலைக்கு வரப்போகிற நீங்கள் நம்பக் கூடாது. அந்தப் பெட்டி ஒரு நாளும் மழையில் நனையவில்லை.